நீல வண்டியின் முறை

மஆன்
பிப்ரவரி 3

முஹன்னத்,

ஸலாம் சொல்லாமல் தொடங்குவது பாவம் என்பதால் சொல்லிவிட்டேன். அதற்கு மேல் மரியாதை எதிர்பார்க்காதே. போனில் உன் எண்ணைத் தடுத்துத்தான் வைத்திருக்கிறேன். ஏதோ கோளாறு என்று நினைத்து வேறு வேறு எண்ணிலிருந்து கூப்பிடுகிறாய். கோளாறு இல்லை, கோபம். போனில் நான் கத்தினால் நீ "அக்கா, சிக்னல் சரியில்ல" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. இதை நாயிஃப் தன் லாரியில் கொண்டுவந்து தலைநகர் அம்மானில் உன் ஆபீஸ் வாசலில் தருவான். என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன்தான். உன் கல்யாணத்தில் ஆடிக் காலைச் சுளுக்கிக்கொண்டவன். உலகம் பூராவும் சரக்குக் கொண்டுபோகிற கம்பெனியின் அதிகாரிக்கு ஓட்டை லாரியில் கடிதம் வருவது கேவலமாக இருக்கும். இருக்கட்டும்.

விஷயம் அந்த விளம்பரப் பலகை. அகபா துறைமுகத்துக்குப் போகிற நெடுஞ்சாலையில், பெட்ரோல் பங்குக்கு எதிரே, வீடு உயரத்துக்கு உன் கம்பெனி நட்டு வைத்திருக்கிறதே, அதுதான். ஒரு மனிதர் லாரிக்கு அடியில் செருப்பைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறார். மேலே நீல எழுத்தில்: "இனி காத்திருக்க வேண்டாம். நாங்கள் வந்துவிட்டோம்."

அந்த மனிதர் நம் அப்பா.

அம்மா கடைசிவரை என்னோடு இந்த வீட்டில் இருந்த அறையின் சுவரில் இருக்கிற படம் அது. போன பெருநாளுக்கு வந்தபோது அதன் முன்னால் நின்று போனை நீட்டிக்கொண்டிருந்தாய். அப்பா ஞாபகம் வந்துவிட்டது போல என்று நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்! நீ எடுத்தது சோம்பேறி ஒருவனின் படத்தை. உன் கம்பெனிக்கு அப்பா ஒரு வியாதி, நீங்கள் மருந்து.

என் வீட்டுக்காரர் ஃபவ்வாஸ் சரக்கெடுக்கப் போகும்போதெல்லாம் அந்தப் பலகையைத் தாண்டித்தான் போகிறார். "உன் தம்பி உங்க அப்பாவ ரோட்டுல படுக்க வச்சிருக்கான்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

பலகை இறங்கும்வரை இந்த வீட்டுக்கு வராதே.

வஜ்தான்


அம்மான்
பிப்ரவரி 9

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தில் பாதி திட்டு, மீதி அதற்கு முன்னுரை. உன் பங்குக்குப் பேசிவிட்டாய், இனி நான்.

அந்தப் படத்தில் பொய் என்ன இருக்கிறது? அப்பா தூங்கவில்லையா? துறைமுகத்தில் முன்னால் வந்தவனுக்கு முன்னால் சரக்கு, பின்னால் வந்தவனுக்குப் பின்னால். அதற்கு "முறை" என்று ஒரு பெயர், அதை ஏதோ தொழுகை மாதிரிக் கட்டிக் காக்கிறீர்கள். கப்பல் வந்து நிற்கும். சரக்கு இறங்கிக் கிடக்கும். நம் ஆட்கள் வண்டிக்கு அடியில் அடுப்பு மூட்டித் தேநீர் போடுவார்கள். அப்பாவின் ஆயுசு அந்த வரிசையில்தான் போனது. நான் பிறந்தபோது அவர் வரிசையில் இருந்தார். உன் நிச்சயத்துக்கு அவர் வரும்போது விருந்தாளிகள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். இதைப் பெருமை என்கிறாய். எனக்குப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

எங்கள் நீல வண்டிகள் நாற்பது நாடுகளில் ஓடுகின்றன. எங்கேயும் யாரும் செருப்பைத் தலைக்கு வைத்துத் தூங்குவதில்லை. இந்த நாட்டிலும் கிடங்கு கட்டியாயிற்று, வண்டிகள் வந்து இறங்கியாயிற்று. துறைமுகத்தில் எங்கள் சரக்கை எங்கள் வண்டியே நேராக ஏற்றிக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். உங்கள் ஆட்கள் லாரிகளை நெடுஞ்சாலையில் குறுக்கே நிறுத்திவிட்டு "முறை, முறை" என்கிறார்கள். உன் மாமனார் ஒரு வார்த்தை சொன்னால் அத்தனை பேரும் ஒதுங்குவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

அதனால் நாங்கள் பெரிய மனிதர்களோடு அவரிடம் வேண்டுகோள் வைக்க வரப்போகிறோம். பெண் கேட்கவும் பகை தீர்க்கவும் எப்படிப் போவார்களோ அப்படி, முறையாக. துபாயிலிருந்து எங்கள் வட்டாரத் தலைமை அதிகாரி ஹென்றிக் வருகிறார், அவரே முன்னால் நடப்பார். உன் மாமனாரிடம் சொல்லி வை. எனக்காக இல்லாவிட்டாலும் ஊர் முன்னேறுவதற்காக.

முஹன்னத்


மஆன்
பிப்ரவரி 14

முஹன்னத்,

மாமாவிடம் சொன்னேன். "வர்றவங்க வரட்டும், கதவு என்ன பூட்டியா கெடக்கு?" என்றார். அவரிடம் அதற்கு மேல் நான் எதிர்பார்க்கவும் இல்லை.

முன்னால் நடக்க ஊர் மதிக்கிற ஒரு கிழவர்கூட உங்களுக்குக் கிடைக்கவில்லை, பார்த்தாயா. துபாயிலிருந்து இறக்குமதி செய்கிறீர்கள். சரக்குக் கம்பெனிதானே.

நம் வழக்கம் உனக்கு மறந்திருக்காது. அந்த ஹென்றிக்குக்குச் சொல்லிக் கொடு. முதல் காபியை ஊற்றிக் கொடுப்பார்கள். வாங்கித் தரையில் வைக்க வேண்டும், குடிக்கக் கூடாது. "எங்களுக்கு ஒரு வேண்டுகோள் இருக்கு" என்று சொல்ல வேண்டும். மாமா "காபியைக் குடிங்க" என்றால் கேட்டது கிடைத்தது. சொல்லவில்லை என்றால் இல்லை. கேட்கும் முன்னே குடித்துவிட்டால் கேட்க ஒன்றும் இல்லை, சும்மா விருந்துக்கு வந்தவன்.

இதை நான் உனக்குச் சொல்லித் தருவதே எனக்குப் பிடிக்கவில்லை. ஏனென்றால் என் மாமனார் தன் வீட்டுத் தரையில் கோப்பையை வைத்த எவரையும் வெறும் கையோடு அனுப்பியது கிடையாது. தன் தம்பியைக் கொன்றவனின் ஆட்களுக்கே "குடிங்க" என்று சொன்னவர். எனக்கு இருக்கிற பயமே அதுதான். கேட்டால் கொடுத்துவிடுவார். அப்புறம் ஃபவ்வாஸும் நாயிஃபும் இந்த ஊரில் லாரி வைத்திருக்கிற அத்தனை பேரும் வண்டியை விற்றுவிட்டு உன் கிடங்குக்குக் காவல் காக்க வேண்டியதுதான்.

அப்படியிருந்தும் உனக்கு வழக்கத்தைச் சொல்கிறேன். வந்தவனைத் தெரியாத்தனத்தில் மாட்டிவிட்டு ஜெயிக்கிற பழக்கம் இந்த வீட்டில் இல்லை. அது உங்கள் பலகை போடுகிற ஆட்களின் பழக்கம்.

வஜ்தான்


மஆன்
பிப்ரவரி 25

முஹன்னத்,

நீங்கள் வந்து போனதிலிருந்து நான் சமையலறையில் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். ஃபவ்வாஸ் எனக்கு ஏதோ பிடித்துவிட்டது என்று நினைக்கிறார்.

உன் ஹென்றிக்! அங்கியும் தலைத்துணியும் போட்டுக்கொண்டு வந்தாரே, யார் கட்டிவிட்டது அதை? தலையில் துண்டோடு குளியலறையிலிருந்து வந்தவர் மாதிரி இருந்தார். நாங்கள் பெண்கள் கதவிடுக்கில் முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு நின்றோம். ஃபவ்வாஸ் முதல் காபியை நீட்டினார். கூடம் முழுக்க மூச்சை நிறுத்திக்கொண்டு பார்க்கிறது. அந்த மனிதர் வாங்கினார், ஒரே மடக்கு! "ஆஹா" என்று வேறு சொன்னார். போதும் என்றால் கோப்பையை ஆட்டிக் கொடுக்க வேண்டும் என்பதும் தெரியவில்லை. நீட்டிக்கொண்டே இருந்தார், ஃபவ்வாஸ் ஊற்றிக்கொண்டே இருந்தார். எத்தனை என்று எண்ணுவதையே விட்டுவிட்டாராம்.

அப்புறம் மாமா பாவம் என்ன செய்வார்? குடித்துவிட்டவரிடம் "என்ன வேண்டும்" என்று கேட்க முடியுமா? ஆட்டை அறுக்கச் சொன்னார். தட்டு தட்டாக மன்ஸஃப், சோறும் கறியுமாக, போயிற்று. உன் ஆள் தயிர்க்குழம்பு முழங்கைவரை வழிய வழியச் சாப்பிட்டார். எல்லோரோடும் படம் எடுத்துக்கொண்டார். மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். போய்விட்டீர்கள்.

மறுநாள் உங்கள் கம்பெனி "மஆன் மக்களோடு ஒப்பந்தம், வரலாற்று நாள்" என்று செய்தி போட்டிருக்கிறதாம். நாயிஃப் போனில் படித்துக் காட்டினான். "எங்கள் மரபுகளின்படி அவர்கள் சம்மதித்தார்கள்" என்று இருந்தது. யாருடைய மரபு, எந்தச் சம்மதம்? கறி தின்றதற்கெல்லாமா ஒப்பந்தம்?

சரி, சிரித்தது போதும். இப்போது சிரிப்பு வராத விஷயம்.

கோப்பைகளைக் கழுவ எடுத்தபோது ஒன்று நிறைந்திருந்தது. ஆறிப்போய், தொடாமல். யாரோ ஒருவர் இந்த வீட்டில் காபியைத் தரையில் வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போயிருக்கிறார். தலைவர் குடித்ததும் கூட வந்த எல்லோரும் குடித்தார்கள் என்று ஃபவ்வாஸ் சொல்கிறார். அவர் கண் ஹென்றிக்கின் மேல்தான் இருந்தது. என் கண் அப்படி இல்லை.

அது உன்னுடையதா?

ஒரு தட்டால் மூடி, சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். கம்பெனிக்காக நீ வைத்த கோப்பை என்றால் எழுது, எலுமிச்சை மரத்துக்கு ஊற்றிவிடுகிறேன். யாருக்கும் தெரியாது.

வஜ்தான்


அம்மான்
மார்ச் 2

அக்கா,

ஊற்றாதே.

என்னுடையதுதான். ஏன் குடிக்கவில்லை என்று கேட்காதே, எனக்கே சரியாகத் தெரியவில்லை. ஹென்றிக்கிடம் நான் வழக்கத்தைச் சொன்னேன், ஒருமுறை இல்லை, காரில் வழி நெடுகச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "எங்களுக்குப் பயிற்சி கொடுத்தாச்சு முஹன்னத். அரபு வீட்டுல காபிய மறுக்கவே கூடாது. முதல் பாடமே அதான்" என்றார். துபாயில் ஒரு அம்மாள் ஒரு மத்தியானம் வகுப்பெடுத்தாராம். நான் இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவன், என் பேச்சு எடுபடவில்லை. அந்த நொடியில் எனக்கு அவர் மேல் வந்த வெறுப்பை எழுத முடியாது. இத்தனை வருஷம் "சார், சார்" என்று பின்னால் ஓடியது இந்த மரமண்டைக்காகவா?

அவர் மடக் மடக்கென்று குடிக்கிறார், உன் மாமனார் தலையைக் குனிந்துகொள்கிறார். அந்த மனிதருக்குத்தான் வெட்கமாக இருந்தது, எங்களுக்காக. என் கையில் கோப்பை இருந்தது. தொண்டையில் இறங்காது என்று தெரிந்தது. வைத்துவிட்டேன்.

இனி நீ திட்டப்போகிற விஷயம். திரும்பும்போது காரில் அவர் "பிரமாதமாப் போச்சு இல்ல?" என்றார். பொறுக்க முடியாமல் உண்மையைச் சொல்லிவிட்டேன்: ஒன்றும் போகவில்லை, நீங்கள் ஒன்றும் கேட்கவே இல்லை, அங்கே குடிக்காமல் மீதியிருப்பது என் கோப்பை மட்டும்தான் என்று. அவர் முகம் வெளுக்கும் என்று பார்த்தேன். விளக்குப் போட்ட மாதிரி மலர்ந்தது. "அப்போ இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கு!" என்கிறார். வக்கீலிடம் சொல்லி ஒரு காகிதம் தயார் செய்துவிட்டார். நான் போய் அதை அப்படியே வாசித்துக் கேட்க வேண்டுமாம். கேட்டால் இந்த நாட்டுக் கிளைக்கே நான்தான் தலைவர், கேட்காவிட்டால் மேசையைக் காலி செய்ய வேண்டும். இரண்டையும் ஒரே புன்னகையோடு சொன்னார்.

என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. உனக்குப் பொய் எழுத விரும்பவில்லை.

முஹன்னத்


மஆன்
மார்ச் 6

முஹன்னத்,

உன் கடிதம் வருவதற்கு முன்பே மாமா கண்டுபிடித்துவிட்டார். தேநீருக்குச் சர்க்கரை தேடியவர் டப்பாவை நகர்த்தினார். "இது என்னம்மா?" என்றார். என்னால் பொய் சொல்ல முடியவில்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எம் வீட்ல ஒருத்தன் கோப்பைய வச்சுட்டுப் போயிருக்கான், நான் என்னன்னு கேக்கல. நான் செத்தா ஊரு இதச் சொல்லுமே" என்கிறார். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. உன் பெருமைக்கு நீ ஒரு கோப்பையை வைத்தாய், இங்கே ஒரு கிழவர் சோறு இறங்காமல் கிடக்கிறார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் வரச் சொல்கிறார். தனியாக வா. துண்டு கட்டிய ஆள் வேண்டாம்.

நீ என்ன கேட்டாலும் கொடுத்துவிடுவார். பட்ட வெட்கத்துக்கு இரண்டு மடங்காகக் கொடுப்பார். வக்கீல் காகிதத்தை வாசித்தாலும் "குடி" என்பார். நான் காலில் விழுந்தாலும் மாற்ற மாட்டார். ஊருடைய முறை இன்றைக்கு உன் நாக்கு நுனியில் இருக்கிறது. இப்படி ஒரு ஆளிடமா வந்து சேர வேண்டும் என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

ஒன்று மட்டும் தெரிந்துகொண்டு வா. மாமா நேற்றுத்தான் சொன்னார், எனக்கே தெரியாது. அந்தப் படத்தை எடுத்தவர் அவர்தானாம். அந்தத் தடவை துறைமுகத்தில் அவருக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. ஆள் நகர்த்தாவிட்டால் முறை போய்விடும். அப்பா தன் வண்டியை ஒரு வண்டி தூரம் நகர்த்துவார், இறங்கி ஓடிவந்து அவர் வண்டியை நகர்த்துவார், மறுபடி தன் வண்டி. வரிசை தீரும்வரை இரண்டையும் ஓட்டியிருக்கிறார். சரக்கு ஏற்றி முடித்ததும் வண்டிக்கு அடியில் சாய்ந்தவர்தான், எழுப்பியும் எழவில்லையாம். "இப்படி ஒருத்தன் எனக்காகத் தூங்குறான்னு படம் எடுத்து வச்சேன்" என்றார்.

அதாவது, அறிவாளியே, உன் பலகையில் அப்பா காத்திருக்கவில்லை. வேலை முடித்துவிட்டுத் தூங்குகிறார்.

மாமாவும் அந்தப் பலகையைத் தாண்டித்தான் பள்ளிவாசலுக்குப் போகிறார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வஜ்தான்


அம்மான்
மார்ச் 17

அக்கா,

வெள்ளிக்கிழமை நீ கதவுக்குப் பின்னால்தான் நின்றாய், உன் செருப்பு தெரிந்தது. எல்லாம் கேட்டிருப்பாய். ஆனால் என் சட்டைப்பையில் வக்கீல் காகிதம் இருந்தது உனக்குத் தெரியாது. எடுக்கலாம் என்றுதான் வந்தேன். உண்மையைச் சொல்கிறேன், படிகளில் ஏறும்வரை அந்தத் தலைவர் நாற்காலி கண் முன்னால்தான் நின்றது.

உன் மாமனார் புதுக் காபியை ஊற்றி என் முன்னால் வைத்தார். "அன்னிக்கு நான் குருடா இருந்துட்டேன். மன்னிச்சுக்கோப்பா. என்ன வேணும், சொல்லு" என்றார். என்னிடம் மன்னிப்பு! அப்பாவைப் பலகையில் ஏற்றியவனிடம்! பையில் இருந்த கை வெறுமனே வெளியே வந்தது.

"எங்க நீல வண்டிக்கும் உங்க வரிசையில ஒரு இடம் வேணும் மாமா."

"எந்த எடத்துல?"

"கடைசில."

ஃபவ்வாஸ் மச்சான் இருமியது கேட்டது. அது சிரிப்புதான் என்று எனக்குத் தெரியும். உன் மாமனார் கோப்பையை என் பக்கம் நகர்த்தினார். அப்புறம், "காபியக் குடி. ஆறப்போகுது" என்றார். அவ்வளவு கசப்பாக ஒரு காபியை நான் குடித்ததில்லை. அடிவரை குடித்தேன்.

இப்போது உனக்குத் தெரியாத பாதி. ஹென்றிக் ஆபீஸ் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "குடுத்துட்டாரா?" "குடுத்துட்டார்." கட்டிப்பிடித்துவிட்டார். "நமக்கு எடம் கெடச்சுதா?" "கெடச்சுது சார், வரிசையில." "வரிசையில எங்க?" சொன்னேன். பிறகு ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு துபாயோடு பேசினார்.

வெளியே வந்தபோது அவருக்கு ஒரு வழி கிடைத்திருந்தது. "வரலாற்று நாள்" என்று உலகத்துக்கே சொல்லியாகிவிட்டதே, இனி விழுங்க முடியாது. அதனால் புதுச் செய்தி: "வெளிநாட்டு நிறுவனங்களிலேயே முதன்முதலாக, உள்ளூர் வரிசையில் இடம்." மேலிடம் பாராட்டியிருக்கிறது. அந்த ஆள் பரிசு வாங்கப் போகிறார் அக்கா. கடைசியில் நிற்பதற்கு நாற்பது நாட்டில் கை தட்டுகிறார்கள். இவர்களை அறிவாளிகள் என்று நினைத்து நான் என் ஊரைப் பார்த்துக் கூசினேன்.

பலகையை மாற்றிவிட்டார்கள். அப்பா இறங்கிவிட்டார். இப்போது அங்கே ஒரு காபிக் கோப்பை, "உங்கள் மரபே எங்கள் வழி." நிறைந்த கோப்பையா காலிக் கோப்பையா என்று பார்க்க வேண்டும் என்றுகூட அவர்களுக்குத் தோன்றவில்லை.

எனக்குத் தலைவர் நாற்காலி இல்லை. விரட்டினால் செய்தி நாறும் என்று அகபாவில் லாரிகள் வரிசை நிற்கிற வளாகத்துக்கு மாற்றிவிட்டார்கள். நீல வண்டிகளின் முறையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஓட்டுநர்கள் வேற்று நாட்டுக்காரர்கள், யார் எப்போது நகர்வது என்று ஒன்றும் தெரியாதவர்கள். நாளை கிளம்புகிறேன். வழியில் மஆனில் இறங்கலாமா என்று கேட்க வெட்கமாக இருக்கிறது. கேட்கவில்லை.

முஹன்னத்


மஆன்
ஏப்ரல் 8

முஹன்னத்,

நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் தலையைக் குனிந்துகொண்டு எங்கள் ஊரைத் தாண்டிப் போனாயாம். பங்கில் டீசல் போட்டுக்கொண்டிருந்த நாயிஃப் பார்த்திருக்கிறான். அவ்வளவு ரோஷம் உள்ளவன் அம்மா அறையில் போனை நீட்டும்போது எங்கே போயிருந்தாய்?

உன்னைப் பற்றிய செய்தியெல்லாம் இங்கே வந்துகொண்டுதான் இருக்கிறது. உன் நீல வண்டிக்காரர்களுக்குத் தேநீர் போடக்கூடத் தெரியவில்லையாம். ஒருவன் வரிசையில் முந்தப் பார்த்தானாம், நீயே ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்று கத்தினாயாம். "முறை! முறை!" என்று அப்பாவின் குரலிலேயே கத்தினாய் என்று ஃபவ்வாஸ் சொன்னார். தேநீர் போடப் போன நான் அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டேன்.

போன வாரம் நாயிஃபுக்கு முதுகு பிடித்துக்கொண்டதாமே. அவன் வண்டியை நீ நகர்த்தினாயாம். ஒரு வண்டி தூரம் உன் நீல வண்டி, இறங்கி ஓடி, ஒரு வண்டி தூரம் அவனுடையது. நல்ல காரியம்தான். ஆனால் முன்னால் நின்றவனின் பின்விளக்கை உடைத்துவிட்டாய். நாயிஃப் முதுகைப் பிடித்துக்கொண்டே உன்னைத் திட்டுகிறான். அம்மான் ஆட்கள் ஓட்டினால் அப்படித்தான் என்று ஊரே சொல்கிறது.

இதோடு ஒரு படம் வைத்திருக்கிறேன். ஃபவ்வாஸ் எடுத்தது. நீல வண்டிக்கு அடியில் ஒருவன் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான். சட்டை முழுக்க கிரீஸ். தலைக்குச் செருப்பு. அதுகூட பளபளவென்று அம்மான் செருப்பு, வெட்கக்கேடு.

ஒன்று உனக்கு. இன்னொன்றை மாமா வாங்கிக்கொண்டு போய் அம்மாவின் அறையில் மாட்டினார், அப்பா படத்துக்குப் பக்கத்தில். ஆணி வளைந்துவிட்டது, படம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. வந்து நீயே நிமிர்த்து.

உன் படத்துக்கு மேலே என்ன எழுதலாம் என்று மாமாவிடம் கேட்டேன். "ஒண்ணும் எழுதாதம்மா. எழுப்பிடாதீங்க" என்றார்.

வஜ்தான்